வாசகர் கேள்விகள்: அபர்ணா சென் பற்றிக் கொஞ்சம் விரிவாக

சென்ற இதழில், பெண் இயக்குநர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'அபர்ணா சென்' என்று பெயரை மட்டும் எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது போதாது என்று கடிதங்களும் மெயில்களும் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த முறை முழுக்க அவர்தான். தேர்தல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

யார் இந்த அபர்ணா சென்? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே! (விருதுநகர் வாசகர்)

'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' பார்த்திருப்பீர்கள், இயக்கியவர் பெயரைக் கவனித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். 1945இல் கொல்கத்தாவில் பிறந்தவர். அப்பா சிதானந்த தாஸ்குப்தா பெரிய சினிமா விமர்சகர், 1947இல் சத்யஜித் ரேயோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அம்மா வழியில் கவிஞர் ஜீபனானந்த தாஸ் உறவு. ஆக, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சினிமாவும் கவிதையும் காதில் விழுந்திருக்கும். ரேயின் 'தீன் கன்யா' (1961) படத்தில் மூன்றாவது கதையின் நாயகி இவர்தான். அணில் வளர்த்துக்கொண்டு ஊரைச் சுற்றி, கல்யாண ராத்திரியிலேயே மரம் வழியாக இறங்கி ஓடிப்போய் ஊஞ்சலாடுகிற மிருண்மயி. அப்போது அவருக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான். அதற்குப் பிறகு வங்க சினிமாவில் பெரிய ஸ்டார்.

மழையில் முகத்தை நிமிர்த்தி நிற்கும் பெண்ணின் பழைய புகைப்படம் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அது அபர்ணா சென் என்கிறார்களே, நிஜமா? (கோவை மாணவர்)

நிஜம்தான். மழைதான் நிஜமில்லை! 1960இல் நியூசிலாந்துக்காரரான பிரையன் பிரேக் இந்தியப் பருவமழையைப் படமெடுக்க வந்தபோது எடுத்தது. பதினான்கு வயது அபர்ணாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், கிராமத்துப் பெண் மாதிரி சிவப்புச் சேலை கட்டச் சொல்லி, மூக்கில் பச்சைக்கல் வைத்து, செடிக்கு ஊற்றுகிற பூவாளியால் மேலிருந்து தண்ணீர் ஊற்றி எடுத்தார்கள். 'லைஃப்' பத்திரிகை வழியாக உலகம் முழுக்கப் போன படம் அது.

இதில் எனக்கு ஒரு சுவாரசியம் உண்டு. இருபத்தைந்து வருடம் கழித்து அபர்ணா 'பரோமா'வை எடுக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு புகைப்படக்காரன் கொல்கத்தா இல்லத்தரசி ஒருத்தியைப் படமெடுக்கிறான், அந்தப் படம் பத்திரிகையில் அச்சாகி வீடு வந்து சேருகிறது, குடும்பம் வெடிக்கிறது. கேமராவுக்கு முன்னால் நின்ற அனுபவம் அந்தக் கதைக்குள் எங்கோ இருக்கும் என்பது என் யூகம். அவர் எங்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டாராக இருந்தவர் ஏன் இயக்கப் போனார்? வாய்ப்பு குறைந்துவிட்டதா? (திருச்சி வாசகி)

அது இல்லை, அலுத்துவிட்டது. ஒரே மாதிரி கமர்ஷியல் படங்களில் நடித்துக்கொண்டே ஒரு திரைக்கதையை எழுதி முடித்துவிட்டு, ரேயிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவருக்குப் பிடித்திருந்தது. தயாரிப்பாளர் யார் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பெயர் இந்தி நடிகர் சசி கபூர். சசி கபூர் ஒப்புக்கொண்டதோடு, அவர் மனைவி ஜெனிஃபர் கெண்டலே நாயகியாகவும் நடித்தார். அதுதான் '36 சௌரங்கி லேன்' (1981).

கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வயலெட் ஸ்டோன்ஹாம் என்ற வயதான ஆங்கிலோ இந்திய டீச்சர். தனிக்கட்டை, துணைக்கு ஒரு பூனை. ஷேக்ஸ்பியர் நடத்திக்கொண்டிருந்தவரைப் புதுத் தலைமையாசிரியை கீழ் வகுப்புக்கு இலக்கணம் எடுக்க அனுப்பிவிடுகிறார். பழைய மாணவி ஒருத்தி காதலனோடு வருகிறாள், அவன் எழுத்தாளன், அமைதியாக எழுத இடம் வேண்டும், பகலில் நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் உங்கள் வீட்டைத் தர முடியுமா என்கிறாள். வயலெட் சாவியைக் கொடுத்துவிடுகிறார். அவர்களுக்கு எதற்கு இடம் வேண்டும் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனால் சாயங்காலம் வீடு திரும்பினால் பேச ஆள் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அந்த அம்மாள் மலர்வதைப் பார்க்கும்போது, ஏமாற்றுகிறவர்கள் மேல் கோபப்படவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அவர்களுக்குக் கல்யாணம் ஆகிறது, சொந்த வீடு வருகிறது, இவரை மறந்துபோகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஊரில் இருக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தவர்கள் வீட்டுக்கு இவர் கேக்கோடு போனால் உள்ளே பார்ட்டி நடக்கிறது. கதவைத் தட்டவில்லை, அழவில்லை, திரும்பி நடக்கிறார், கூட வரும் தெருநாயிடம் 'கிங் லியர்' வசனத்தைச் சொல்லிக்கொண்டே.

முதல் படத்துக்கே சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது. மணிலா திரைப்பட விழாவிலும் பெரிய பரிசு. ஜெனிஃபருக்கு பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுக்குப் பரிந்துரை. இயக்குநருக்கு அப்போது வயது முப்பத்தைந்தைத்தான் தாண்டியிருந்தது.

பெண்ணியப் படம் எடுப்பவர் என்று சொல்லலாமா? (மதுரை வாசகர்)

சொல்லலாம், தப்பில்லை, ஆனால் அந்த ஒரு முத்திரையைக் குத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர் படத்தில் யாரும் கடைசியில் மேடையேறிப் பேசி ஜெயிப்பதில்லை. 'பரோமா'வில் ராக்கி நடித்த அந்தப் பெண்ணை வீட்டில் அம்மா, சித்தி, மருமகள் என்றுதான் கூப்பிடுவார்களே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. அந்தப் புகைப்படக்காரனோடு உண்டான காதல் வெளியில் தெரிந்து, தற்கொலைக்கு முயன்று, ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்தபின் குடும்பம் அவளை மன்னிக்கத் தயாராகிறது. அவளோ, எனக்குக் குற்ற உணர்ச்சியே இல்லையே, ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்கிறாள். படம் முழுக்க ஞாபகம் வராமல் இருந்த ஒரு செடியின் பெயர் அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வருகிறது. இதில் வெற்றி எங்கே என்று கேட்டவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். எனக்கு அந்தச் செடி போதும்.

'பரோமிதார் ஏக் தின்' (2000) இன்னும் ஒரு படி மேல். விவாகரத்து வாங்கிக்கொண்டு போன மருமகள், மாமியாரின் காரியத்துக்கு வருகிறாள். அங்கிருந்து கதை பின்னால் போகிறது. புருஷனோடு ஒட்டாத உறவு மாமியாரோடு ஒட்டிக்கொண்ட கதை. மாமியாராக அபர்ணாவே நடித்திருப்பார். நம் சீரியல்காரர்களை உட்கார வைத்து ஒருதரம் போட்டுக் காட்ட வேண்டும்.

பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தாராமே? (சேலம் வாசகி)

ஆமாம், 'சானந்தா' என்ற வங்காளப் பெண்கள் பத்திரிகைக்கு 1986லிருந்து 2005 வரை. நடுநடுவே படமும் எடுத்தார், நடிக்கவும் செய்தார். எனக்கு இந்த ஒரு பக்கத்துக்கே நாக்கு தள்ளுகிறது.

'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' படத்தில் தமிழ்ப் பெண்ணாக வங்காளி நடிகை. பேச்சு உறுத்தவில்லையா? (மயிலாப்பூர் வாசகி)

கொஞ்சம் உறுத்தும்தான், அதுவும் மயிலாப்பூரில் உட்கார்ந்து பார்த்தால்! ஆனால் கொங்கணா சென் சர்மா, அபர்ணாவின் மகள், இதற்காகச் சென்னைக்கே வந்து தங்கிப் பேச்சைக் கவனித்துவிட்டுப் போனவர். உச்சரிப்பில் நான் மார்க் குறைக்க மாட்டேன். படத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கைக்குழந்தையோடு பஸ்ஸில் போகும் மீனாட்சி, கூட வருகிறவன் முஸ்லிம் என்று தெரிந்ததும் அவன் பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டோமே என்று அருவருக்கிறாள். நல்லவளாக அறிமுகமாகி நல்லவளாகவே இருக்கிற பெண் இல்லை அவள். கலவரக் கும்பல் பஸ்ஸில் ஏறிப் பெயர் கேட்டு ஆளைப் பிரிக்கும்போது, அதே பெண்தான் அவனைத் தன் புருஷன் என்று சொல்கிறாள். அந்தப் பஸ்ஸிலேயே ஒரு யூதப் பயணி, தன்னையும் முஸ்லிம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், ஒரு வயதான முஸ்லிம் தம்பதியைக் கை காட்டிவிடுகிறார். பயம் ஒருவரைக் காப்பாற்ற வைக்கிறது, இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க வைக்கிறது, இரண்டும் அடுத்தடுத்த சீட்டில். படம் வந்தது குஜராத் கலவரம் நடந்த அதே 2002இல். கதை அதற்கு முன்பே எழுதப்பட்டது. இயக்கம், திரைக்கதை, நடிகை, தேசிய ஒருமைப்பாடு என்று நான்கு தேசிய விருதுகள்.

அம்மா இயக்குநர், மகள் நாயகி. இது மட்டும் வாரிசு இல்லையா? (பெயர் வேண்டாம், தஞ்சாவூர்)

வாரிசுதான். அந்த வாரிசு தேசிய விருது வாங்கிவிட்டு, பின்னாளில் 'எ டெத் இன் தி கஞ்ச்' என்று தானே ஒரு நல்ல படத்தையும் இயக்கினார். இப்படி வாரிசுகள் வந்தால் யாருக்கு வருத்தம்?

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்? (புதுச்சேரி வாசகர்)

மொழி பயமென்றால் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்', அல்லது மனநோயுள்ள தங்கையையும் அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவையும் வைத்து எடுத்த '15 பார்க் அவென்யூ' (2005). இரண்டிலும் பாதிக்கு மேல் ஆங்கிலம். சிரிக்க வேண்டுமென்றால் 'கோய்னார் பாக்ஷோ' (2013), நகைப்பெட்டியை விட மனமில்லாத அத்தை பேய் ஒன்று வரும், மௌசுமி சாட்டர்ஜி பிய்த்து உதறியிருப்பார். '36 சௌரங்கி லேன்' மட்டும் ராத்திரி தனியாக இருக்கும்போது வேண்டாம். 2021இல் 'தி ரேப்பிஸ்ட்' படத்துக்கு தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் விருது வாங்கினார், எழுபத்தைந்தைத் தாண்டியும் ஓயவில்லை. எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். ரோமியோ ஜூலியட்டைப் பாட்டும் கூத்துமாக மாற்றிய 'அர்ஷிநகர்' எனக்கு ஒட்டவே இல்லை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.