லத்தீன் தொடங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

லத்தீன் இலக்கணத்தில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்றேன். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு ஒரு வரியிலும் பதில் இருக்கும், கோபிக்க வேண்டாம்.

கியூர்பிப்பிலிருந்து: டீச்சர், வெளியில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, பாட்டியோடு தமிழ் பேசுகிறேன். லத்தீனுக்கு எது கைகொடுக்கும்?

சொல்லுக்குப் பிரெஞ்சு, இலக்கணத்துக்குத் தமிழ். நம் மொரீஷியஸ் நாட்டுச் சின்னத்தின் அடியில் 1906 முதல் இருக்கிற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஸ்தெல்ல க்ளாவிஸ்க்வெ மரிஸ் இந்திகீ’. இந்தியக் கடலின் விண்மீனும் சாவியும். பிரெஞ்சு தெரிந்தவருக்கு ஏத்துவால், க்ளே, மேர் மூன்றும் இதிலேயே தெரியும்.

ஆனால் அந்த ‘க்வெ’? அது நம் ‘உம்’. சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சு மட்டும் தெரிந்த பிள்ளைகள் இதைப் பார்த்து விழிப்பார்கள், நமக்கு இது பழகியது. ஒரே வித்தியாசம், நாம் இரண்டு சொல்லிலும் ‘உம்’ போடுவோம், லத்தீன் பெரும்பாலும் இரண்டாவதில் மட்டும் போடும். கேள்வி கேட்க ‘னெ’ என்று இன்னொரு ஒட்டு உண்டு. ‘வெனீஸ்’ என்றால் வருகிறாய், ‘வெனீஸ்னெ’ என்றால் வருகிறாயா. நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினைமுடிவே ஆளைக் காட்டிவிடும். கிரியோலில் மோ, தோ, லி (நான், நீ, அவன்) இல்லாமல் வாக்கியம் நகராது.

தமிழ் காலை வாரும் இடமும் அதே வரியில் இருக்கிறது. ‘இந்தியக் கடலின்’ என்கிறோம், ‘இன்’ கடலோடு நின்றுவிடுகிறது. லத்தீனில் ‘இந்திகீ’யும் கடலோடு சேர்ந்து வேற்றுமை ஏற்றிருக்கிறது. பெயரடை மாறாமல் நிற்கும் என்ற நம் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

அப்புறம் என் பழைய எச்சரிக்கை: பிரெஞ்சை நம்பிப் பால் சொல்லாதீர்கள். பூவும் பல்லும் பிரெஞ்சில் பெண்பால், லத்தீனில் ஆண்பால். மரம் பிரெஞ்சில் ஆண்பால், லத்தீனில் பெண்பால். கடல் பிரெஞ்சில் பெண்பால், லத்தீனில் இரண்டிலும் சேராத மூன்றாம் பால்.

ரோஸ் ஹில்லிலிருந்து: தமிழில் எட்டு வேற்றுமை, லத்தீனில் ஆறு. எதற்கு எது என்று ஓர் அட்டவணை தருவீர்களா அக்கா?

தரமாட்டேன். அட்டவணை போட்டால் அதையே பிடித்துக்கொள்வீர்கள். லத்தீன் வரிசையில் ஆறாவதான அப்லாத்திவை மட்டும் பாருங்கள் (இனி எண் சொன்னால் அது தமிழ் வரிசை). ‘க்லதியோ’ என்றால் வாளால். ‘கும் அமீகோ’ என்றால் நண்பனோடு. ‘எக்ஸ் உர்பெ’ நகரத்திலிருந்து, ‘இன் உர்பெ’ நகரத்தில். நம் ஆல், ஓடு, இருந்து, இல் எல்லாம் ஒரே வேற்றுமைக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னால் வரும் சிறு சொல்தான் பொருளைப் பிரித்துக் காட்டும்.

அதைவிட ஆபத்து நம் ‘கு’. ‘ரோமுக்குப் போகிறேன்’ என்று நினைத்துக்கொண்டு நான்காம் வேற்றுமை எழுதுவார்கள். லத்தீன் அங்கே ‘ரோமம் எஓ’ என்று இரண்டாம் வேற்றுமைதான் போடும். ‘நகரத்துக்குள்’ என்றால் ‘இன் உர்பெம்’, அதுவும் இரண்டாவது. ஆனால் ‘எனக்கு வீடு இருக்கிறது’ என்பதை ‘மிஹி தொமுஸ் எஸ்த்’ என்று நம் மாதிரியே நான்காவதில் சொல்லலாம். ஆகவே ‘கு’ வரும் இடமெல்லாம் நின்று யோசியுங்கள்: ஓரிடத்தை நோக்கிப் போவதா, ஒருவருக்குச் சேருவதா?

போர்ட் லூயிஸ் மாணவி: நோட்டில் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாமா?

பாதி நன்மை உண்டு. லத்தீனில் குறில் நெடில் பொருளை மாற்றும். ‘மலும்’ தீமை, ‘மாலும்’ ஆப்பிள். ‘பொபுலுஸ்’ மக்கள், ‘போபுலுஸ்’ பாப்லர் மரம். ‘புவெல்ல’ என்றால் சிறுமி எழுவாய், ‘புவெல்லா’ என்றால் அப்லாத்திவ். ரோமன் எழுத்தில் இதற்கு மேலே கோடு போட வேண்டும், பலர் போடுவதே இல்லை. தமிழ் எழுத்து தானாகவே காட்டிவிடுகிறது.

மீதிப் பாதி தொல்லை. ‘அப்போது’ என்பதற்கான சொல்லும் ‘போது’ என்பதற்கான சொல்லும் தமிழ் எழுத்தில் இரண்டுமே ‘தும்’. ஒன்று வல்லொலி, ஒன்று மெல்லொலி. ஆகவே ரோமன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் உச்சரிப்புக்கு மட்டும் தமிழ்.

பாம்ப்ளமூஸ்: தாவரவியல் தோட்டத்தில் பெயர்ப்பலகை படித்தேன். புளிக்கு ‘தமரிந்துஸ் இந்திக’. ‘உஸ்’ ஆண்பால் என்றால் ‘இந்திகுஸ்’ என்றுதானே வரவேண்டும்?

கண்ணுள்ள கேள்வி. லத்தீனில் மரப்பெயர்கள் வழக்கமாகப் பெண்பால், முடிவு ‘உஸ்’ ஆனாலும் சரி. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தபோது அந்த மரபைத்தான் பின்பற்றினார். அரசமரம் ‘ஃபீகுஸ் ரெலிகியோச’ ஆனதும் அதனால்தான். பெயரடை ஒத்துப்போவது சொல்லின் பாலோடு, ஓசையோடு அல்ல. மாமரம் ‘மங்கிஃபெர இந்திக’வில் ஓசையும் ஒத்துப்போவதால் அங்கே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மிளகு மூன்றாம் பால், ‘பிபெர் நிக்ரும்’.

நம் தீவையே நிரப்பியிருக்கிற கரும்பைப் பாருங்கள்: ‘சக்கரும் ஒஃப்பிகீனாரும்’. இரண்டும் ‘உம்’மில் முடிவதால் பெயரடை என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஒஃப்பிகீன’ என்றால் பட்டறை, மருந்துச் சரக்கு வைக்கும் அறை. ‘ஆரும்’ அதன் பன்மையில் வரும் ஆறாம் உருபு, நம் ‘களின்’. மருந்துக் கடைகளின் சர்க்கரை என்று பொருள். ஒரு காலத்தில் சர்க்கரை எங்கே விற்றது என்று அந்தப் பெயர் சொல்கிறது.

நான்கு பேர்: ‘நாவிஸ்’ நம் ‘நாவாய்’தானே? லத்தீன் தமிழிலிருந்துதானே வந்தது?

இல்லை. கப்பல் கிரேக்கத்தில் ‘நௌஸ்’, சமஸ்கிருதத்தில் ‘நௌ’. லத்தீன் அந்தக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம். யவனர் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு பாடுகிறது, கறி என்றால் மிளகு. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமில் மூத்த பிளினி புலம்பினார். மிளகு வியாபாரம் நடந்தது, மொழி பிறக்கவில்லை.

மூன்று பேர்: கைபேசிச் செயலி போதுமா?

போதாது. டுவோலிங்கோவின் லத்தீன் பாடம் மிகச் சின்னது.

பலர்: சொற்களை எப்படி மனப்பாடம் செய்வது?

எழுவாயை மட்டும் எழுதாதீர்கள். ‘ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால்’ என்று ஆறாம் உருபையும் பாலையும் சேர்த்து எழுதுங்கள். அரசன் ‘ரேக்ஸ்’, மற்ற வேற்றுமைகளெல்லாம் ‘ரேக்’ என்ற அடியிலிருந்து வரும். ‘தொமினுஸ்’, ‘கொர்புஸ்’ பார்க்க ஒரே மாதிரி. ஒன்றின் ஆறாவது ‘தொமினீ’, மற்றதற்கு ‘கொர்பொரிஸ்’. அதைப் பார்த்தால்தான் இரண்டும் வெவ்வேறு வகை என்று தெரியும். அகராதி வேண்டுமென்றால் 1934இல் வந்த காஃபியோவின் லத்தீன்-பிரெஞ்சு அகராதி நமக்கு வசதி.

மருத்துவ மாணவர்: ‘கொர்புஸ்’ பன்மை ‘கொர்பீ’யா?

மேலே படியுங்கள். ‘கொர்பொர’.

சேந்த்-ஆந்த்ரே, ரெயூனியன்: எங்கள் தீவின் ‘ஃப்லோரேபோ க்வோகும்க்வெ ஃபெரர்’ வரியில் ‘ஃபெரர்’ என்ன வடிவம்?

பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் வாசகம் அது, 1925இல் உங்கள் சின்னத்தில் ஏறியது. ‘எங்கே கொண்டுசெல்லப்பட்டாலும் மலர்வேன்.’ வேர் வினை ‘ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாதும்’. நான்கையும் அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டிய முரட்டு வினை. தன்மை ஒருமையில் எதிர்காலச் செயப்பாட்டு வடிவமும் விழைவு வடிவமும் ஒன்றே, ‘ஃபெரர்’. முன்னிலையில்தான் பிரியும்: ‘ஃபெரேரிஸ்’, ‘ஃபெராரிஸ்’. முன்னால் ‘ஃப்லோரேபோ’ எதிர்காலம் என்பதால் இதையும் எதிர்காலமாகவே எடுங்கள். கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் செயப்பாட்டு வினைக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

போர்ட் லூயிஸ், கோயில் பாடகர்: வானத்துக்கு நீங்கள் ‘கைலும்’ என்கிறீர்கள். நாங்கள் ‘ச்சேலும்’ என்றுதான் பாடுகிறோம். நாங்கள் பாடுவது பிழையா?

பிழையில்லை அண்ணா, அது ரோமத் திருச்சபை முறை. நான் சொல்வது ரோமப் பேச்சாளர் சிசெரோ காலத்து முறை. அவர் பெயரைக் கிரேக்கர்கள் ககரம் போட்டு ‘கிகெரோன்’ என்றுதான் எழுதினார்கள். சீசரின் பெயர் ‘கைசர்’ என்று ஜெர்மானியரிடம் இன்னும் ககரத்தோடு இருக்கிறது.

போ பாசேன், இதைப் படித்துவிட்டு: இரண்டும் வேண்டாம். எங்கள் தாத்தா காலத்தில் ‘சேலோம்’. அதுதான் இந்தத் தீவின் லத்தீன்.

உங்கள் தாத்தா பாடியது பிரெஞ்சு முறை. ‘உம்’மை ‘ஓம்’ என்பது அங்கே வழக்கம். 1912இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் (பயஸ்) பிரான்ஸின் பூர்ஜ் பேராயருக்குக் கடிதம் எழுதி, ரோம முறையைப் பரப்பியதற்குப் பாராட்டினார். அதற்கப்புறம்தான் பிரெஞ்சு முறை மெல்லத் தேய்ந்தது. தீவின் வரலாறு என்ற அளவில் உங்கள் தாத்தா பக்கம் நான். பாடம் என்ற அளவில் இல்லை.

பாடகர் மறுபடி: அப்படியானால் ஒன்றைச் சொல்லுங்கள், எது சரி?

கோயிலில் ‘ச்சே’, புத்தகத்தில் ‘கை’. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். இன்னும் ஏழெட்டுப் பேர் இதையே கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உச்சரிப்புக்கு இதோடு சரி. வேற்றுமை சரியாக இருந்தால் எப்படி உச்சரித்தாலும் படிப்பவருக்குப் புரியும்.

கத்ர் போர்ன்: கடலுக்கான ‘மரெ’யின் அப்லாத்திவ் வடிவம் புத்தகத்தில் ‘மரீ’ என்று இருக்கிறது. ‘உர்பெ’ மாதிரி ‘மரெ’ என்றுதானே வரவேண்டும்? அச்சுப்பிழையா டீச்சர்?

அச்சுப்பிழை இல்லை. எழுவாயில் ‘எ’, ‘அல்’, ‘அர்’ என்று முடியும் மூன்றாம் பால் சொற்கள் அந்த வகையில் தனிக்கூட்டம். அப்லாத்திவில் ‘ஈ’, பன்மை எழுவாயில் ‘இஅ’: ‘மரீ’, ‘மரிஅ’. ‘அனிமல்’ என்பதற்கும் அப்படியே ‘அனிமாலீ’, ‘அனிமாலிஅ’.