போன் திருடு போனால் எதை முதலில் பூட்டுவது?

கேள்வி: வலங்கைமான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நேற்று முன்தினம் முகூர்த்த நாள். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் மன்னார்குடி பஸ்ஸில் முண்டியடித்து ஏறும்போது கைப்பையிலிருந்த ஆண்ட்ராய்டு போனை யாரோ எடுத்துவிட்டார்கள். வலங்கைமானில் இறங்கியபோதுதான் தெரிந்தது. போன் கவரின் மடிப்பில் ஏடிஎம் கார்டும் இருந்தது. போனுக்குள் ஆதார், பாஸ்புக், நகைக்கடன் ரசீது எல்லாவற்றுக்கும் போட்டோ உண்டு. என் மகளின் படங்களும் உண்டு. பேட்டர்ன் லாக் போட்டிருந்தேன். கொள்முதல் நிலையத்தில் போட்ட குறுவை நெல்லுக்கான பணம் அந்தக் கணக்கில்தான் ஏற வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்கிறான். அதுவரை நான் என்ன செய்வது?

பதில்: சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள் அம்மா. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி இரண்டு இடங்களுக்கு இப்போதே பேசுங்கள். ஒன்று உங்கள் சிம் நிறுவனம், இன்னொன்று வங்கி. வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம். வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடிக்காரர்களின் எண்களும் அங்கே கிடக்கின்றன. பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணையே பாருங்கள். அந்த இரண்டு வேலையும் முடிந்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். பேட்டர்ன் லாக் போனைத்தான் பூட்டும், சிம்மைப் பூட்டாது. திருடியவர் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் போதும், உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போகும். கூகுள் பே, போன்பே போன்றவற்றில் பணம் அனுப்ப யுபிஐ பின் வேண்டுமே என்று கேட்பீர்கள். பழைய பின் தெரியாவிட்டாலும் புதிதாக ஒன்று அமைக்க வழி இருக்கிறது. அதற்குக் கேட்பது ஏடிஎம் கார்டின் கடைசி 6 எண்கள், கார்டு காலாவதியாகும் மாதமும் ஆண்டும், அப்புறம் ஓடிபி. சில வங்கிகள் கார்டின் பின்னையும் சேர்த்துக் கேட்கும். ஆதார் எண்ணையும் ஆதாருக்கான ஓடிபியையும் வைத்து அமைக்கும் வழியும் உண்டு. உங்கள் விஷயத்தில் சிம்மும் கார்டும் ஒரே கவரில் போயிருக்கின்றன. என்னைக் கேட்டால், போன் போனதைவிட இதற்குத்தான் அதிகம் கவலைப்படுவேன். மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் போன் கவரைத் திறந்து காட்டச் சொல்வேன். பாதிப் பேரின் கவரில் ஏடிஎம் கார்டு இருக்கும், சிலருடைய கார்டில் பின் எண்ணையே பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். நீங்களும் எழுதியிருந்தால் வங்கியில் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வங்கியில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கார்டை முடக்க வேண்டும். அந்த எண்ணில் உள்ள யுபிஐ, மொபைல் பேங்கிங் இரண்டையும் நிறுத்த வேண்டும். மூன்றாவது நெல் பணம் பற்றியது. கணக்கை மொத்தமாக முடக்கச் சொன்னால் வரவேண்டிய பணம் திரும்பிப் போக வாய்ப்புண்டு. அதனால் பற்று மட்டும் நிற்கட்டும் என்று கேளுங்கள். ‘டெபிட் ஃப்ரீஸ்’ என்றால் அவர்களுக்குப் புரியும். பணம் உள்ளே வரும், வெளியே போகாது. போனில் சொன்னதோடு விடாமல் கிளைக்கு நேரில் போய் எழுத்தாகவும் கொடுத்து, தேதியும் நேரமும் போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. அந்த முத்திரைதான் நாளைக்கு உங்கள் சாட்சி.

அப்படியே பாஸ்புக்கையும் பதிந்து பாருங்கள். ஒரு ரூபாய் போயிருந்தாலும் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அதை வழியில் மடக்கிப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு.

சிம் விஷயத்தில் நம் பக்கத்து வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பேசுவது அம்மாவாக இருக்கும், சிம் மகன் பெயரிலோ சிங்கப்பூரில் இருக்கும் கணவர் பெயரிலோ இருக்கும். முடக்கச் சொல்லும்போது அந்த நிறுவனம் சரிபார்ப்பது பெயருக்குரியவரின் விவரங்களைத்தான். புதிய சிம் வாங்கவும் அவரே அடையாள அட்டையுடன் போக வேண்டும். மகன் பெயரில் இருந்தால் அவர் திருப்பூரிலிருந்தே பேசி முடக்கட்டும், அதே எண்ணில் புதிய சிம்மையும் அங்கேயே வாங்கட்டும். புதிய சிம் போட்டதும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம்மை ஏமாற்றி வாங்குபவர்களிடமிருந்து நம்மைக் காப்பதற்கான விதி அது. ஓடிபி வரவில்லையே என்று பதற வேண்டாம்.

மகன் அங்கிருந்தபடியே செய்யக்கூடிய இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் போனை அமைத்துக் கொடுத்தவர் அவர் என்றால் ஜிமெயில் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’ பக்கத்தில் (முன்பு ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என்றிருந்தது, 2025-இல் பெயர் மாறியது) அந்தக் கணக்கில் நுழைந்தால் உங்கள் போன் தெரியும். முதலில் அதைப் பூட்டச் சொல்லுங்கள், பிறகு அழிக்கச் சொல்லுங்கள். போன் இப்போது அணைந்திருந்தாலும் பரவாயில்லை, அடுத்த முறை இணையத்தில் சேரும்போது உத்தரவு நிறைவேறும். அழித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் போன் இருக்கும் இடத்தைப் பார்க்க முடியாது. அதற்குப் பயந்து அழிக்காமல் விடுபவர்கள் உண்டு. இரண்டு நாள் கழிந்த நிலையில் அழிப்பதுதான் சரி என்பேன், ஏனென்றால் காவல்துறை தேடுவது ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து, போனை அழித்தாலும் அந்த எண் மாறாது. ஆனால் கூகுள் கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கிவிட மட்டும் வேண்டாம். கணக்கில் இருக்கும்வரை, அழித்த போனை மறுபடி இயக்க நினைப்பவரிடம் பழைய கணக்கின் விவரத்தைக் கேட்கும்.

மகளின் படங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆண்ட்ராய்டு 10-ஓ அதற்குப் பிந்தையதோ நிறுவப்பட்டு விற்பனைக்கு வந்த போன் என்றால், உள்ளே இருப்பவை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பேட்டர்ன் தெரியாமல் அவற்றைப் படிப்பது சாதாரணத் திருடருக்கு எளிதல்ல. மெமரி கார்டு அப்படியில்லை, கழற்றி எந்தக் கணினியில் செருகினாலும் பெரும்பாலும் திறந்துகொள்ளும். அதில் படங்கள் இருந்தனவா என்று மகளையே கேளுங்கள். யாராவது படங்களைக் காட்டி மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், அதற்கும் அதே 1930 எண்ணும் சைபர் குற்றப் புகார் இணையதளமும் இருக்கின்றன. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளைகள் வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து தனியாக மாட்டிக்கொள்வது அதிகம்.

சரி, காவல் நிலையம். போன் போன இடம் கும்பகோணம், அது தஞ்சாவூர் மாவட்டம். நீங்கள் இருப்பது திருவாரூர் மாவட்டம். அங்கே போங்கள், இங்கே போங்கள் என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். புகாரில் ‘தவறவிட்டேன்’ என்று எழுதாமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

அந்த ரசீதை வைத்து, தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள சிஇஐஆர் பகுதியில் போனை முடக்க வேண்டும். இந்த வசதி 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. ஐஎம்இஐ எண் கேட்பார்கள், 15 இலக்கம். போன் வாங்கிய அட்டைப்பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள், இரண்டையும் கொடுக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் ஃபைண்ட் ஹப்பில் போனின் விவரத்திலேயே பார்க்கலாம். முடக்கிய பின் இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் அந்தப் போனில் பேச முடியாது. வைஃபையில் இயங்கும் என்பதால்தான் பூட்டுவதையும் அழிப்பதையும் முன்னால் சொன்னேன்.

வாட்ஸ்அப்பும் அப்படித்தான், சிம்மை முடக்கிய பிறகும் வைஃபையில் ஓடக்கூடும். புதிய சிம்மில் உங்கள் எண்ணைப் பதிந்ததும் பழைய போனில் அது நின்றுவிடும். அதுவரை உறவினர்களுக்கும் மகளிர் குழுவுக்கும் வேறு எண்ணிலிருந்து ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பத்தாயிரம் அனுப்பு’ என்று உங்கள் பெயரில் செய்தி போனால் நம் ஆட்கள் யோசிக்காமல் அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாளில் ‘உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கைத் திறந்து பாஸ்வேர்டு போடுங்கள்’ என்று செய்தி வந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். போனைத் திறக்க முடியாதவர்கள் அனுப்பும் தூண்டில் அது.

புதிய போன் வந்ததும் இரண்டு வேலைகளை மகனை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். பூட்டிய திரையில் செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டர்ன் தெரியாதவரும் ஓடிபியைப் படித்துவிடுவார். அப்புறம் சிம்முக்கே ஒரு பின் எண் போட வேண்டும். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் அந்த எண் இல்லாமல் வேலை செய்யாது. அதை அமைக்கும்போது முதலில் நிறுவனம் கொடுத்த பின்னைக் கேட்கும். குத்துமதிப்பாக அடித்துப் பார்க்க வேண்டாம். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்கும் பியுகே எண் கேட்டு அலைய வேண்டிவரும்.

இவ்வளவு தொல்லை கொடுத்த எண் எதற்கு, வேறு எண் வாங்கிவிடலாமே என்று தோன்றும். வாங்காதீர்கள். ஆதார், ரேஷன் அட்டை, கூட்டுறவுச் சங்கக் கடன், கொள்முதல் நிலையப் பதிவு என்று எங்கெல்லாம் பழைய எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் போய் மாற்ற வேண்டியிருக்கும். ஆதாரில் எண்ணை மாற்றுவதே தனி வேலை.