சங்கக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் இளைஞர் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர் போன வாரம் தவறிவிட்டார். சங்க வாசலில் உள்ள தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாம் என்றார்கள் சிலர். கூடாது என்று தடுத்தார்கள் சிலர். எது சரி, ஐயா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பெரியவருக்கு என் அஞ்சலி. தடுத்தவர்கள் சொன்னதுதான் சரி. நம் தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் தாழ்ந்தால் நாடே துக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அதை அரசாங்கம்தான் அறிவிக்க வேண்டும். பதவியில் இருந்த மாமன்னர்கள் மறைந்தபோது (1960இல் இருவர், 2001இல் ஒருவர்) நாடு துக்கம் காத்தது. 2014 ஆகஸ்டு 22ஆம் தேதியையும் மறந்திருக்க மாட்டீர்கள். உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானத்தில் இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். அவர்களில் முதல் 20 பேரின் உடல்கள் கேஎல்ஐஏ விமான நிலையம் வந்து சேர்ந்த அன்று நாடெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. மௌன அஞ்சலி நேரத்தில் நான் பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் இருந்தேன். தே தாரேக் ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையை வைத்துவிட்டு, கைகட்டி நின்றார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உங்கள் சங்கத்துக்கென்று ஒரு கொடி இருக்குமே, அதைத் தனிக் கம்பத்தில் தாழ்த்திப் பறக்கவிடுங்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் முறையாகச் செய்யுங்கள். கொடியை நேராகப் பாதிக் கம்பத்துக்கு இழுத்துக் கட்டிவிடக் கூடாது. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் மெதுவாக இறக்க வேண்டும். கம்பத்தின் சரிபாதிக்கு வர வேண்டும் என்பதில்லை. உச்சிக்கும் கொடிக்கும் நடுவே குறைந்தது கொடியின் அகலம் அளவுக்கு இடம் விட்டால் போதும்.

பிறையில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சாரணர் பொறுப்பாசிரியராக இருந்தபோது பிள்ளைகளுக்கு இதற்கொரு வழி சொல்லிக் கொடுத்தேன். கொடி உச்சியில் இருக்கும்போது, கயிற்றைச் சுற்றும் கொக்கிக்குக் கீழே, கொடியின் அகல அளவில் கயிற்றில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். கொடியை இறக்க இறக்க நூல் மேலே ஏறும். அது கொக்கியைத் தொட்டதும் நிறுத்திக் கட்டிவிட வேண்டும். அண்ணாந்து பார்த்துக் குத்துமதிப்பாக நிறுத்தும் வேலையே இல்லை. மழையில் நனைந்த கயிறு கப்பியில் சிக்கும் என்பதால் முதல் நாளே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

மாலையில் இறக்கும்போதும் திரும்ப உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். சில இடங்களில் துக்க நாள் முடிந்தும் கொடி அரைக்கம்பத்திலேயே கிடக்கிறது. பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கடைசி நாள் மாலை யார் இறக்குவது என்று இப்போதே ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்.

கேள்வி: இளவரசி டயானா இறந்தபோது லண்டன் அரண்மனையில் கொடியே இல்லை என்று என் பாட்டி இன்றும் குறைப்படுகிறார். உண்மையா?
– மாணவி, பாலிக் புலாவ், பினாங்கு

பதில்: உண்மைதான். பக்கிங்காம் அரண்மனையில் அப்போது அரசியார் தங்கியிருக்கும் நாளில் மட்டுமே அரசக் கொடி ஏறும். அன்று அவர் ஸ்காட்லாந்தில் இருந்ததால் கம்பம் வெறுமையாக இருந்தது. அரசக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குவதும் இல்லை. ஒருவர் போனால் அடுத்தவர் அந்த நொடியே அரியணைக்கு வந்துவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. மக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் 1997 செப்டம்பர் 6, இறுதிச் சடங்கு அன்று, பிரிட்டன் தேசியக் கொடி அங்கே அரைக்கம்பத்தில் பறந்தது. அங்கே மக்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். விதி சரியாக இருந்தாலும் வெறும் கம்பம் அழுகிறவர்களுக்கு ஆறுதல் தராது. உங்கள் பாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் சாய்வாகச் செருகிய சின்னக் கம்பில் கொடி தைத்தே இருக்கிறது. தேசியத் துக்க நாளில் அதை எப்படித் தாழ்த்துவது?
– இல்லத்தரசி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தாழ்த்த முடியாதம்மா, கொடியைச் சுருட்டிக் கட்டவும் வேண்டாம். கம்பின் நுனியில், கொடிக்கு மேலே, ஒரு கறுப்பு ரிப்பனைக் கட்டுங்கள். பல நாடுகளில் உள்ள வழக்கம் அது. துக்க நாள் முடிந்ததும் ரிப்பனை அவிழ்த்துவிடுங்கள்.