டிவி நிகழ்ச்சித் தயாரிப்பில் கார்பன் உமிழ்வை எப்படிக் குறைக்கிறார்கள்?

"ஒரு சீரியல் எடுப்பதில் என்ன பெரிய புகை வந்துவிடப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பின்னால் உறுமிக்கொண்டு நிற்கும் டீசல் ஜெனரேட்டரையும் வரிசைகட்டி நிற்கும் வேன்களையும் பாருங்கள்.

பிரிட்டனில் இந்தக் கார்பன் உமிழ்வைக் கணக்கிட 'ஆல்பர்ட்' என்ற கருவி இருக்கிறது. பிபிசியில் பிறந்து, 2011-இல் பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி அகாடமியான பாஃப்டாவின் பொறுப்புக்கு வந்தது. விமானப் பயணம், ஹோட்டல் இரவுகள், எரிபொருள், செட் போட்ட பலகை எல்லாவற்றையும் தயாரிப்புக் குழு அதில் பதிய வேண்டும். 2022 முதல் புதிய டிவி நிகழ்ச்சிகளுக்கு ஆல்பர்ட் தரும் சான்றிதழை பிபிசி கட்டாயமாக்கியது.

எளிதாகக் கைவைக்கக்கூடியது விளக்குதான். 2 கிலோவாட் டங்ஸ்டன் விளக்குக்கு அடியில் பத்து நிமிடம் நின்றால் மேக்கப் வழியும். மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது, அதைத் தணிக்க ஏசிக்கு வேறு தனி மின்சாரம். எல்இடிக்கு மாறினால் இரண்டு செலவும் குறையும்.

அடுத்தது பயணம். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு பிபிசி தொகுப்பாளர்கள் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு ஸ்டுடியோவில் இருந்தபடியே பேசினார்கள். பின்னால் தெரிந்த டோக்கியோ, கணினி வரைந்தது!

ஒளிபரப்பில் ஒரு வேடிக்கை: கோபுரம் ஒருவர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் அதே மின்சாரத்தைத்தான் இழுக்கும். பிபிசி ஆய்வுப் பிரிவு 2020-இல் கணக்கிட்டபோது, ஒளிபரப்பிலும் பார்ப்பதிலும் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு நேயர்களின் வீட்டில்தான் என்று தெரிந்தது. ரிமோட்டில் டிவியை மட்டும் அணைத்துவிட்டுத் தூங்குகிறோமே, செட்டாப் பாக்ஸ் விடிய விடிய விழித்திருக்கும்.