ஒரு கடை கைமாறியதற்குக் கனடாவின் மலையேறிகள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்?

கேள்வி எம்.இ.சி. (Mountain Equipment Co-op) என்ற, மலையேறும் சாமான்கள் விற்கும் கனடாக் கடை பற்றியது. 2020-ல் அதை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கியபோது பாறை ஏறுகிறவர்கள் நீதிமன்றம் வரை போனார்களே, கடைதானே, இதற்கு ஏன் இத்தனை அமளி என்று கேட்டிருக்கிறீர்கள். வான்கூவரில் இருந்துகொண்டு வார இறுதிகளில் பக்கத்து ஊரான ஸ்குவாமிஷின் கருங்கல் பாறைகளில் ஏறித் தொங்குகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

"கடைதானே" என்பதில்தான் சிக்கல். 2020 வரை எம்.இ.சி. ஒரு கூட்டுறவு, அதாவது உறுப்பினர்களே அதன் சொந்தக்காரர்கள். நம்மூர் கூட்டுறவு பண்டகசாலை மாதிரி, ஆனால் அரசாங்கத்தின் கை இதில் இருக்கவில்லை. 1971-ல் வான்கூவரில் மலையேறும் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் நல்ல கயிறோ ஐஸ் கோடரியோ வேண்டுமென்றால் எல்லை தாண்டி சியாட்டிலில் இருக்கும் ஆர்.இ.ஐ. கடைக்குப் போக வேண்டும். அதுவும் மலையேறிகள் 1938-ல் தொடங்கிய கூட்டுறவுதான். அதே மாதிரி இங்கேயே ஒன்று வைத்தால் என்ன என்று தொடங்கியது இது. பங்கு ஐந்து டாலர், ஆயுள் முழுக்க. கடைசிவரை அந்த ஐந்து டாலர் ஏறவே இல்லை. ஆளுக்கு ஒரு ஓட்டு.

பில் போடும் இடத்தில் முதலில் உறுப்பினர் எண்ணைத்தான் கேட்பார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் சின்ன எண்ணாக ஒன்றைச் சொன்னால் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எண் சின்னதென்றால் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர்; எத்தனை இலக்கம் என்பதில் அப்படி ஒரு பெருமை இருந்தது. கேம் (பாறை வெடிப்பில் செருகிக் கயிற்றை மாட்டும் கருவி) மாட்டியிருக்கும் சுவருக்குப் பக்கத்தில் நிற்கும் பையன், நீங்கள் எந்தப் பாறைக்குப் போகிறீர்கள், வெடிப்பு எவ்வளவு அகலம் என்று கேட்டுவிட்டு, "இந்த சைஸ் இரண்டு எடுங்கள், அது வேண்டாம்" என்பான். விற்பனையைக் குறைத்துக்கொள்ளும் கடைக்காரனை வேறெங்கே பார்த்தோம்?

இதெல்லாம் மெல்ல மாறிக்கொண்டுதான் வந்தது. சைக்கிள், யோகா உடுப்பு என்று கடை விரிந்தது. 2013-ல் சின்னத்திலிருந்த மலையை எடுத்துவிட்டுப் பச்சைச் சதுரம் ஒன்றை வைத்தார்கள். பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் உறுப்பினர் குரலுக்கு மதிப்பு இருந்தது. 2018-ல், துப்பாக்கி தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான பிராண்டுகளை விற்காதீர்கள் என்று உறுப்பினர்கள் மனு போட, நிர்வாகம் அந்தப் பிராண்டுகளுக்குப் புது ஆர்டர் கொடுப்பதை நிறுத்தியது.

2020-க்கு வருவோம். ஏற்கெனவே நஷ்டம், அதன்மேல் கொரோனா, கடைகள் மூடல், வங்கிக் கடன் நெருக்கடி. செப்டம்பர் 14 அன்று இயக்குநர் குழு அறிவித்தது: கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போகிறோம், லாஸ் ஏஞ்சலஸின் கிங்ஸ்வுட் கேபிட்டல் நிறுவனத்துக்கு விற்கிறோம். அப்போது உறுப்பினர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஒருவரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. சாதாரண நாளில் ஒரு கூட்டுறவு தன் சொத்து முழுவதையும் விற்க உறுப்பினர் தீர்மானம் வேண்டும். திவால் பாதுகாப்புச் சட்டத்துக்குள் போய்விட்டால் நீதிபதியின் அனுமதியே போதும். கோபத்தின் வேர் இதுதான், அமெரிக்கன் வாங்கினான் என்பதெல்லாம் இரண்டாவது.

இணைய மனுவில் கையெழுத்துகள் குவிந்தன. பணம் திரட்டி வக்கீல் வைத்தார்கள், வேறு வழி தேட அவகாசம் கேட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம் அவகாசம் தரவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. சம்பளமும் சப்ளையர் பாக்கியும் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்தத் தீர்ப்பை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தப்பு அதற்கு முன்னால் நடந்தது. கஜானா காலியாகிறது என்று உறுப்பினர்களிடம் ஒரு வருடம் முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். தலைக்கு இருபது டாலர் கேட்டிருந்தால்கூடக் கொடுக்க ஆள் இருந்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயக்குநர் தேர்தல்களில் ஓட்டுப் போட்டவர்கள் வருடாவருடம் சொற்பம். பாறையடியில் உட்கார்ந்து "நம்ம கடை போச்சே" என்று புலம்பியவர்களில் பலர் ஷூவை மலிவாக அமெரிக்க இணையதளத்தில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். ஜிம்மில் இதைச் சொன்னதற்கு ஒருவர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை!

2025-ல் கனடா முதலீட்டாளர்கள் குழு ஒன்று அதைத் திரும்ப வாங்கியது. செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். அப்புறம் யாரோ "அப்போ நம்ம ஓட்டு?" என்று கேட்டார். அது வரவில்லை. இப்போது அது கனடாக்காரர்களின் தனியார் கம்பெனி, அவ்வளவுதான். கயிறு மட்டும் இன்னும் அங்கேதான் வாங்குகிறேன், கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதால்.