பழைய கீபோர்டும் புதிய மடிக்கணினியும்

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடகர் குழுவிடம் 1999-இல் வெளிவந்த கோர்க் ட்ரைட்டன் கீபோர்டு உள்ளது. யூஎஸ்பி இல்லாத இதை மடிக்கணினியுடன் இணைத்து, கோப்புகளைப் பாதுகாக்க இயலுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: தாராளமாக இயலும். மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை. அதற்கான யூஎஸ்பி மிடி இடைமுகம் (இணைப்புக் கருவி) ஒன்றின் வழியாக இணைக்கலாம். கீபோர்டின் ‘மிடி அவுட்’ துளையிலிருந்து வரும் கம்பி, இடைமுகத்தின் ‘மிடி இன்’ முனையில் சேர வேண்டும். அந்தக் கம்பியில் வாசிப்புக்கான கட்டளைகள்தாம் செல்லும், ஒலி செல்லாது.

கோப்புகளுக்கு 1.44 எம்பி ஃபிளாப்பியே (பழைய காந்த வட்டு) நேரான வழி. ஒலியமைப்புகள் பிசிஜி கோப்பிலும் பாடல்கள் எஸ்என்ஜி கோப்பிலும் பதிவாகும். மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகத்திலுள்ள பாடல்கள் அழிந்துவிடும் என்பதால், ஒத்திகை முடிந்த கையோடு சேமித்து, யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் மூலம் மடிக்கணினியில் நகலெடுங்கள். உங்கள் கடலோர ஈரக்காற்றில் ஃபிளாப்பியில் பூஞ்சை படியக்கூடும். உலோக மூடியை நகர்த்திப் பார்த்து, தட்டில் வெண்புள்ளிகள் தெரிந்தால், டிரைவில் வட்டைப் படிக்கும் தலையைக் கெடுத்துவிடுமாதலால், அதைச் செருகவே வேண்டாம்.