எசண்டன் சரியா ஆள் எடுக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கேள்வி: அண்ணா, மெல்பர்ன் வந்து நாலு வருஷம் ஆச்சு. பையனுக்கு ஒன்பது வயசு, ஆஸ்கிக் (சின்னப் பசங்களுக்கான ஃபூட்டி பயிற்சி) போறான், ஃபூட்டில (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) எசண்டன் டீம்னா உயிரு. அவனால நானும் மெம்பர்ஷிப் எடுத்து மேட்ச் பாக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொரு அக்டோபர்லயும் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு சொல்றாங்க, நாங்களும் சந்தோஷப்படறோம், அடுத்த ஆகஸ்ட்ல பாத்தா டீம் ஃபைனல்ஸ் (மேல் வரிசை டீமுங்க கப்புக்காக ஆடற மேட்ச்) பக்கமே இல்ல. க்ளப் சரியா ஆள் எடுக்குதா இல்லையான்னு என்ன மாதிரி ஆளு எதைப் பாத்து தெரிஞ்சுக்கறது? கேப்டனா இருந்த மெர்ரட் ஹாதர்ன் க்ளப்புக்குப் போறேன்னு கேட்டப்ப விட்டிருக்கணுமா? பையன் முதுகுல மெர்ரட்டோட 7ஆம் நம்பர், அடுத்த ஜெர்சிக்கு யார் நம்பர் போடறதுன்னு கேட்டுட்டே இருக்கான்.

பதில்: தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன், ஏன்னா இது என் கேள்வியும்தான். நம்ம க்ளப் கடைசியா ஒரு ஃபைனல் ஜெயிச்சது 2004ல, மெல்பர்ன் டீம 5 பாயிண்ட்ல. அதுக்கப்புறம் 2009, 2011, 2014, 2017, 2019, 2021னு ஆறு தடவை ஃபைனல்ஸ் போயி ஆறு தடவையும் முதல் மேட்ச்லயே வீட்டுக்கு வந்துட்டோம். 16 ப்ரீமியர்ஷிப் (லீக் கப்பு) ஜெயிச்ச க்ளப் இது. நான் க்ளப்ல வேலை பாக்கறவன் இல்ல, ஆனா லிஸ்ட், ட்ராஃப்ட், ட்ரேட் இதையெல்லாம் பல வருஷமா விடாம பாத்துட்டு வர்றவன், குளிர்ல நின்னு டேலண்ட் லீக் (ட்ராஃப்ட்டுக்கு முந்தின வயசுப் பசங்க ஆடற லீக்) மேட்ச் பாக்கறவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல ஒரு வேலை செய்யுங்க. க்ளப் லிஸ்ட்ல இருக்கற நாப்பது சொச்சம் பேரோட பிறந்த வருஷத்த ஒரு பேப்பர்ல வரிசையா எழுதுங்க. 19, 20, 21னு வயசு போட்டு அதுக்கு நேரா பேரு. எழுதி முடிச்சதும் 24ல இருந்து 28 வரைக்கும் எத்தனை பேர், அதுல நிஜமாவே நல்லா ஆடறவங்க எத்தனை பேர்னு எண்ணுங்க. ஃபூட்டில ஒரு டீமோட பாரத்தைச் சுமக்கறது அந்த வயசுக்காரங்கதான். அதுக்குக் கீழ இருக்கற பசங்க ஒரு வாரம் ஜொலிப்பாங்க, அடுத்த வாரம் ஆளையே காணோம். மேல இருக்கறவங்களுக்கு உடம்பு எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது. எசண்டன் லிஸ்ட எழுதிப் பாத்தீங்கன்னா நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஒரு ஓட்டை தெரியும், நம்ம பிரச்சனை மொத்தமும் எனக்கு அந்த ஓட்டைலதான் தெரியுது.

அது எப்படி வந்துச்சுன்னு புரியணும்னா ஆள் எடுக்கற முறை கொஞ்சம் தெரியணும். லேடர்ல (பாயிண்ட் பட்டியல்) கடைசில முடிச்ச டீமுக்கு நவம்பர் ட்ராஃப்ட்ல (புதுப் பசங்கள க்ளப்புங்க முறை வச்சு எடுக்கறது) முதல் பிக் (எடுக்கற முறை), ப்ரீமியர்ஷிப் ஜெயிச்ச டீமுக்கு அந்த ரவுண்டோட கடைசி பிக். அக்டோபர்ல ட்ரேட் நேரம், அப்ப ஆளையும் பிக்கையும் மாத்திக்கலாம், அடுத்த வருஷ பிக்க கூட இப்பவே குடுத்துடலாம், நம்மள மாதிரி அவசரக்கார க்ளப்புங்க மாட்டிக்கறது அங்கதான். 2012ல இருந்து ஃப்ரீ ஏஜென்சியும் இருக்கு, ஒரே க்ளப்ல எட்டு வருஷம் பத்து வருஷம் ஆடினவர் பிக் எதுவும் கைமாறாம வேற க்ளப்புக்குப் போகலாம். சேலரி கேப் (ஆளுங்க சம்பளத்துக்கான உச்சவரம்பு) எல்லாருக்கும் ஒண்ணுதான், பணத்தக் கொட்டி ஜெயிக்கற ஆட்டம் இல்ல இது. அதனால பிக்குங்கறது காசு மாதிரி, எப்ப எதுக்கு செலவு பண்றோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

இப்ப 2017க்கு வாங்க. அதுக்கு முன்னாடி க்ளப் நொந்து போய் கிடந்துச்சு, சப்ளிமெண்ட் விவகாரத்துல (ஆளுங்களுக்கு ஊக்கமருந்து குடுத்ததா வந்த புகார்) 2013ல முதல் ரெண்டு ரவுண்டு ட்ராஃப்ட் பிக்கும் பறிபோச்சு, 2016ல 34 பேருக்குத் தடை, அதுல 12 பேர் அப்பவும் நம்ம க்ளப்லயே இருந்தவங்க, லேடர்ல கடைசி இடம். கடைசி இடத்துக்குக் கிடைச்ச முதல் பிக்ல ஆண்ட்ரூ மெக்ராத்த எடுத்தோம், அதே ட்ராஃப்ட்ல 22ஆவது பிக்ல ஜோர்டன் ரிட்லி. தடையில இருந்தவங்க திரும்பி வந்து 2017ல ஃபைனல்ஸும் ஆடிட்டோம். அந்த நிமிஷத்துலதான் க்ளப் தன்னோட வயச தப்பா கணக்குப் போட்டுச்சுன்னு நான் நினைக்கறேன். ‘நாம ரெடி, இன்னும் ரெண்டு மூணு ஆள் வந்தா போதும்’னு நம்பி அந்த அக்டோபர்லயே டெவன் ஸ்மித், ஜேக் ஸ்ட்ரிங்கர், ஆடம் சாட் மூணு பேரையும் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷம் டிலன் ஷீல், அவருக்காக ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்டு பிக். விளைவு என்னன்னா 2017, 2018, 2019 மூணு ட்ராஃப்ட்லயும் ஃபர்ஸ்ட் ரவுண்டுல ஒரு பையன கூட நாம எடுக்கல. 2018ல நம்ம முதல் பிக் 38, 2019ல 30. அந்த மூணு வருஷத்துல வந்திருக்க வேண்டிய பசங்கதான் இப்ப இருபத்தஞ்சு தாண்டி டீமைத் தூக்கி நிறுத்தற வயசுல இருந்திருப்பாங்க. பேப்பர்ல தெரியற ஓட்டை அதுதான்.

இங்க ஒரு விஷயத்த நேர்மையா சொல்லணும். டெவன் ஸ்மித்துக்காக நாம குடுத்த 11ஆவது பிக்ல ஜிடபிள்யூஎஸ் க்ளப் எடுத்தது ஏடன் போனர்ங்கற பையன, அவர் அங்க பெருசா வரல, ரெண்டே வருஷத்துல நார்த் மெல்பர்ன் போயிட்டார். டெவன் ஸ்மித்தோ வந்த முதல் வருஷமே க்ளப்போட பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட் (அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது) ஜெயிச்சார். அந்த ஒரு டீல மட்டும் தனியா எடுத்துப் பாத்தா லாபம் நமக்குத்தான். அதனாலதான் சொல்றேன், ஒவ்வொரு ட்ரேடையும் தனித்தனியா ஜெயிச்சோமா தோத்தோமான்னு மார்க் போடாதீங்க. தனித்தனியா நல்லா இருந்த மூணு நாலு டீல் சேந்து ஒரு தலைமுறையவே காலி பண்ணிடுச்சு. 2020 அக்டோபர் வந்தப்ப ஜோ டேனிஹர் ப்ரிஸ்பேன் போயிட்டார், சாட் கார்ல்டன் போயிட்டார், ஃபேன்டேசியா போர்ட் அடிலெய்டு, வாங்கிட்டு வந்த ஆளும் நிக்கல, வளத்த ஆளும் நிக்கல. அதுல டேனிஹர் 2024ல ப்ரிஸ்பேனுக்கு ப்ரீமியர்ஷிப் ஜெயிச்சுக் குடுத்துட்டு ரிட்டையர் ஆனார். அந்த மேட்ச டிவில பாக்கறப்ப அவருக்காக சந்தோஷமாவும் இருந்துச்சு, நெஞ்சும் அடைச்சுச்சு.

பெரிய ஆள் வாங்கறதே தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஜீலாங்கப் பாருங்க, 2020ல கிராண்ட் ஃபைனல் ஆடி தோத்த கையோட ஜெரமி கேமரனுக்கு மூணு ஃபர்ஸ்ட் ரவுண்டு பிக் குடுத்தாங்க, ஷீலுக்கு நாம குடுத்தத விட அதிகம். 2022ல சிட்னிய 81 பாயிண்ட்ல அடிச்சு கப்பு வாங்கிட்டாங்க. அவங்களுக்கு அது பலிச்சதுக்குக் காரணம், கேமரன் வர்றப்ப டேஞ்சர்ஃபீல்டு, ஹாக்கின்ஸ், செல்வுட்னு தூண் எல்லாம் ஏற்கனவே நின்னுட்டு இருந்துச்சு, அதோட பிக் இல்லாத குறைய வேற வழில அடைச்சாங்க. டாம் ஸ்டூவர்ட்ட 40ஆவது பிக்ல, அதுவும் உள்ளூர் ஃபூட்டி ஆடிட்டு இருந்த 23 வயசுல எடுத்தாங்க. மார்க் ப்ளிட்சாவ்ஸ் தடகளத்துல ஸ்டீப்பிள்சேஸ் ஓடினவர். டைசன் ஸ்டெங்கிள் வேற க்ளப் கழட்டி விட்ட ஆளு, ஒரு பிக் கூட செலவாகல, 2022ல ஆல் ஆஸ்திரேலியன் டீம்லயே (லீக்ல அந்த வருஷத்தோட சிறந்த ஆளுங்க டீம்) வந்துட்டார். அடுத்தவங்க கண்ணுக்குத் தெரியாத ஆள இப்படித் தேடி எடுக்கறதுதான் ரெக்ரூட்டிங், இந்த வேலைய ஒரு க்ளப் எவ்வளவு நல்லா செய்யுதுன்னு பாக்கணும்னா 30ஆவது பிக்குக்கு அப்புறம் வந்தவங்க, ரூக்கியா (கூடுதல் லிஸ்ட்ல) வந்தவங்கள்ல எத்தனை பேர் 50 மேட்ச் தாண்டினாங்கன்னு எண்ணுங்க. முதல் அஞ்சு பிக்ல யாரு நல்லா வருவாங்கன்னு சொல்றதுக்குப் பெருசா கண்ணு தேவையில்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ப்ரிஸ்பேன். 2017ல கடைசி இடம். அதுக்குள்ள மெக்லகேஜ் 3ஆவது பிக்ல வந்தாச்சு, அகாடமில இருந்து 61ஆவது பிக்ல ஹாரிஸ் ஆண்ட்ரூஸ், அந்த வருஷ முதல் பிக்ல ரேனர். பசங்க உள்ள வந்ததுக்கு அப்புறம்தான் 2018 கடைசில லாக்கி நீல வாங்கினாங்க. அதுக்கு முந்தின வருஷம் என்ன செஞ்சாங்க தெரியுமா, ஹாதர்ன்ல ரிட்டையர் ஆகறேன்னு சொன்ன லூக் ஹாட்ஜ கூட்டிட்டு வந்தாங்க. முப்பத்து மூணு வயசுக்காரர ஆட்டத்துக்காக மட்டும் கூப்பிடல, பசங்களுக்கு எங்க நிக்கணும், எப்ப கத்தணும்னு சொல்லிக் குடுக்கத்தான். ரெண்டு சீசன் ஆடினார். 2024லயும் 2025லயும் கப்பு அவங்ககிட்டதான். ஆஷ்கிராஃப்ட் பசங்க மாதிரி ஃபாதர்-சன் அதிர்ஷ்டமும் அவங்களுக்கு இருந்துச்சு, அப்பா அந்த க்ளப்புக்கு 100 மேட்ச் ஆடியிருந்தா பையன எடுக்க முன்னுரிமை, இது எல்லா க்ளப்புக்கும் எல்லா வருஷமும் அமையாது, டேனிஹரே நமக்கு அப்படி வந்தவர்தான்.

இப்ப நீங்க சந்தோஷப்பட்ட அக்டோபர் விஷயம். 2023ல பென் மெக்கே, ஜேட் க்ரெஷம், கோல்ட்ஸ்டீன், சேவியர் டூர்ஸ்மான்னு ஒரே மூச்சுல நாலு பேர் வந்தாங்க, ஊரே பேசுச்சு. மெக்கே ஃப்ரீ ஏஜென்ட், நாம பிக் எதுவும் குடுக்கல, ஆனா அவரை இழந்த நார்த் மெல்பர்னுக்கு லீக் 3ஆவது பிக்க நஷ்ட ஈடா குடுத்துச்சு. 2023ல நாம 11ஆவது இடம், நாலு பேரும் வந்து ஆடின 2024லயும் அதே 11. வந்தவங்க யாரும் மோசம் இல்ல, அவங்க வந்து தாங்கிப் பிடிக்க நடுவுல ஆளு வேணுமே. அதனால அடுத்த தடவை புது ஆள் வர்றார்னு கேள்விப்பட்டா அவர் பேர விட ரெண்டு விஷயம் பாருங்க. அவருக்கு என்ன வயசு, நம்ம நல்ல பசங்களுக்கு 24 ஆகறப்ப அவருக்கு எத்தனை ஆகும். இன்னொண்ணு, அடுத்த வருஷ ஃபர்ஸ்ட் ரவுண்டு பிக் இன்னும் நம்ம கைல இருக்கா. அது கைய விட்டுப் போச்சுன்னா, யார் வந்தாலும் நான் கவலைப்படுவேன்.

பசங்க விஷயத்துல பொறுமை வேணும், அதுலயும் உயரமான பசங்கன்னா ரொம்பவே. மெல்பர்ன் ரக்மேன் (நடுவர் மேல எறியற பந்தத் தட்டி விடற உயரமான ஆளு) மேக்ஸ் கான் 2009ல 34ஆவது பிக், முதல் தடவை ஆல் ஆஸ்திரேலியன் ஆனது 2016ல. டேனிஹர் 2012ல வந்து 65 கோல் போட்டது 2017ல. 2020ல நாம 8, 9, 10னு தொடர்ச்சியா மூணு பிக்ல காக்ஸ், பெர்கின்ஸ், ரீட் மூணு பேர எடுத்தோம், எனக்கு அன்னிக்கும் அது சரியான முடிவாத்தான் பட்டுச்சு, இன்னிக்கும் அப்படித்தான் சொல்வேன், ஆனா ரீட் காயத்துலயே வருஷக்கணக்கா உக்காந்துட்டார். காயத்த எந்த ரெக்ரூட்டராலயும் முன்கூட்டி பாக்க முடியாது, அதுக்காக அவங்கள திட்டாதீங்க.

மெர்ரட் விஷயத்துக்கு வர்றேன். 2013ல பிக் பறிபோன அந்த ட்ராஃப்ட்லயே 26ஆவது பிக்ல கிடைச்ச ரத்தினம் அவர். 2025ல ஹாதர்ன் போகணும்னு கேட்டார், கேப்டனே கேட்டார், ட்ரேட் நேரம் முடியற வரைக்கும் டீல் ஆகல. வயசுக் கணக்குப்படி பாத்தா வித்திருக்கணும், அந்த அக்டோபர்லதான் அவருக்கு முப்பது ஆச்சு, நம்ம பசங்க தயாராகறப்ப அவர் கிளம்பற வயசுல இருப்பார். ஆனா அவருக்கு 2027 வரைக்கும் காண்ட்ராக்ட் இருக்கு, ஹாதர்ன் நல்லா ஆடற டீம்ங்கறதால அவங்க சொந்தப் பிக் ரவுண்டோட கடைசிலதான் விழும். ஒரு டீமோட சிறந்த ஆளுக்கு அந்த மாதிரி பிக் விலையே இல்ல. அதனால விடாதது சரின்னுதான் என் முடிவு. ஹாட்ஜ் ப்ரிஸ்பேன் பசங்களுக்கு செஞ்சத, நம்ம பசங்களுக்கு செய்ய மெர்ரட் மாதிரி ஆளு வேணும். எனக்கு வலிக்கறது வேற இடம், பக்கத்துல தோளோட தோள் நிக்க 25, 26 வயசு ஆளுங்க நாலு பேர் இருந்திருந்தா அவர் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார். 2017ல செலவு பண்ணினதுக்கு 2025ல வந்த பில் அது.

உங்க பையனுக்காக ஒண்ணு சேத்து சொல்லிடறேன். நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமின்னு ஒரு ஏற்பாடு இருக்கு, பூர்வகுடி பசங்களுக்கும், ஆசியா, ஆப்பிரிக்கால பிறந்த அப்பா அம்மாவோட பசங்களுக்கும் ஒவ்வொரு க்ளப்பும் தன்னோட ஏரியாவுல பயிற்சி குடுக்கும். நம்ம ஐசக் காக்கோ அப்படி வந்தவர்தான், 2024 ட்ராஃப்ட்ல 13ஆவது பிக். உங்க வீடு எந்த க்ளப் ஏரியால வருதுன்னு ஆஸ்கிக் கோச்கிட்ட கேட்டு வைங்க, இன்னும் சில வருஷத்துல உதவும்.

ஜெர்சிக்கு யார் நம்பர்னு கேட்டா நான் நேட் கேடின்னுதான் சொல்வேன். 2023ல 10ஆவது பிக்ல வந்தவர், அந்தப் பிக்குக்காக நாம ஜீலாங்கோட ட்ரேட் பண்ணி மேல ஏறிப் போய் எடுத்தோம், சமீப காலத்துல க்ளப் செஞ்சதுல என் மனசுக்குப் பிடிச்ச முடிவு அது. கீ ஃபார்வர்டு (முன்னாடி நின்னு கோல் போடற உயரமான ஆளு), அதனால சில மேட்ச்ல பந்தையே தொடாம நிப்பார், பையன் கேட்டா இன்னும் ரெண்டு வருஷம் குடுடான்னு சொல்லுங்க. பழைய 7ஆம் நம்பர் ஜெர்சிய மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, அவன் இஷ்டப்பட்டு வாங்கினது, மேட்சுக்கு அதையே போட்டுட்டு வரட்டும்.